சப்ஜெக்ட் தினமும் பூ வாங்குகிறாள்

என் அக்காவிடமிருந்து அவள் மகளைப் பிரித்தது ஒரு கட்டுரை. ஆங்கிலத்தில், டைப் அடித்து, நான்கு பக்கம். எழுதியவன் நான்தான். தபால் வழிப் படிப்பில் மனோதத்துவம் முதலாண்டு, இரண்டாவது கட்டுரை. அதற்கு நல்ல மதிப்பெண் வேறு வந்தது. இந்தக் கண்றாவியை எங்கே போய்ச் சொல்ல?

கட்டுரை எழுதுவதில் நான் புலி என்ற நினைப்பு பள்ளிக்கூடத்திலேயே மண்டையில் ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முன்னுரையில் ஒரு செய்யுள் அடி, பொருளுரையில் நாலு உவமை, முடிவுரையில் ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று ஒரு முழக்கம். மழையைப் பற்றி எழுதச் சொன்னாலும் தாயன்பைப் பற்றி எழுதச் சொன்னாலும் அதே சட்டிதான், குழம்பு மட்டும் வேறு. வருஷா வருஷம் எனக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள். அப்பா அதில்தான் காப்பி குடிப்பார்.

பிளஸ் டூவில் கணக்கு காலை வாரிவிட்டது. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு லாட்ஜில் கவுண்டரில் உட்காரும் வேலை கிடைத்தது. சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன், வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்டால் வரும் வரும் என்பேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் பேப்பரில் தபால் வழி பி.ஏ. விளம்பரம் பார்த்தேன். வரலாறு, பொருளாதாரம், மனோதத்துவம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். மனோதத்துவம் என்ற சொல்லே ஜம்மென்று இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

அப்பா தாலுகா ஆபீசில் பியூன். “இன்னாடா படிப்பு இது? பைத்தியம் புடிச்சவங்களுக்கு ஊசி போடுறதா?” என்று கேட்டார்.

“இல்லப்பா, மனசப் பத்திப் படிக்கிறது.”

“அதுக்கு ஒரு படிப்பா? சரிதான் போ” என்றார். ஆனால் ஆபீசில் போய் ‘என் பையன் காலேஜி’ என்று சொல்லிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். அக்காவை அடி அண்ணாமலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். கிரிவலப் பாதையில் மாமாவுக்கு ஒரு கடை, டீயும் சோடாவும் சூடமும் தேங்காயும் விற்கிற கடை.

பாடப் புத்தகங்களோடு, கட்டுரை எழுதுவது எப்படி என்று எட்டுப் பக்க சைக்ளோஸ்டைல் தாள் ஒன்றும் வந்தது. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கா கட்டுரை சொல்லித் தருகிறார்கள்? முதல் கட்டுரை ஞாபகமறதியைப் பற்றி. ‘மனம் என்னும் மாகடலே!’ என்று தமிழில் யோசித்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கிப் போட்டு ஆரம்பித்தேன். மறதி ஒரு கள்வன் என்றேன், மறதி ஒரு வரம் என்றேன். முடிவுரையில் மாணவர் உலகத்தையே தட்டி எழுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. யார் சொன்னது? யார் சொன்னது? சான்று எங்கே? ஓரத்தில் எட்டு இடத்தில் இதே கேள்வி. நான் போட்டிருந்த ஒவ்வொரு ஆச்சரியக்குறியும் வட்டம் போடப்பட்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: இது மேடை அல்ல. பத்துக்கு இரண்டு மதிப்பெண்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எவன்டா இவன், முகம் தெரியாதவன், என் எழுத்தில் கை வைக்க? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்த எட்டுப் பக்கத் தாளை எடுத்துப் படித்தேன். ‘நான்’ வரக் கூடாது. ‘எனக்குத் தோன்றுகிறது’ வரவே கூடாது. உருக்கமான சொல் வேண்டாம். உவமை வேண்டாம். கண்டதைச் சொல், கண்டதற்கு மேல் சொல்லாதே. ஒருவரைப் பற்றி எழுதினால் பெயர் போடாதே, ‘சப்ஜெக்ட்’ என்று எழுது. உற்றுநோக்கும்போது குறுக்கே போய் எதையும் கேட்டுக் கலைக்காதே. இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புக்கு வேலூர் போனேன். ஒல்லியாக ஒரு விரிவுரையாளர் வந்திருந்தார். யாரோ ஒருவன் எழுந்து ஏதோ கேட்டதற்கு அவர் சொன்னார்: “நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு யாருக்கும் அக்கறை இல்ல. நீங்க என்ன பாத்தீங்க? அதை மட்டும் எழுதுங்க.” வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது மந்திரம் மாதிரி உள்ளே இறங்கியது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே பழகத் தொடங்கிவிட்டேன். முன் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டது கவனிக்கப்பட்டது. கண்டக்டர் எரிந்து விழுந்தது பதிவு செய்யப்பட்டது. ஒரு வாரத்தில் உலகமே எனக்கு அந்த நடையில் தெரிய ஆரம்பித்தது. என்னைக் கழித்துவிட்டால் எல்லாம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பூரித்துப் போனேன். முட்டாள்.

இரண்டாவது கட்டுரைக்குத் தலைப்பு: ஒரு நபரை மூன்று வாரம் உற்றுநோக்கி அவர் நடத்தையை விவரிக்க. லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். மொட்டை மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்து பகல் முழுக்கக் கண்ணீர் விடுவார். அவரை எழுதலாம் என்று நோட்டு வாங்கி வைத்தேன். இரண்டாம் நாளே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

அந்த வாரம்தான் அக்கா வீட்டுக்கு வந்தாள்.

அக்காவுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், நாலு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. கார்த்திகை தீபத்தன்று காலையில் குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா கெஞ்சியிருக்கிறாள். தீபத்தன்று ஊரே மலையைச் சுற்றி வரும், கடைக்கு முன்னால் ஜனம் முண்டியடிக்கும். “தீபம் ஏத்தட்டும், கூட்டம் கலையட்டும்” என்று மாமா சொல்லியிருக்கிறார். கூட்டம் கலைவதற்குள் குழந்தை போய்விட்டது. மூன்றாம் நாள் அக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். “புள்ளையக் கொன்னவன் ஊட்ல இனி குடித்தனம் பண்ண மாட்டேன்” என்றாள். வழியெல்லாம் அதையேதான் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அடி அண்ணாமலையில் கேட்காத காது இல்லை. மாமாவுக்குத் தலை காட்ட முடியவில்லை.

நான் தம்பி. என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும். நான் நோட்டை எடுத்தேன்.

மார்கழி பாதி வரைக்கும் மூன்று வாரம் எழுதினேன். சாயந்திரம் ஆனால் அக்கா கொல்லைப்புறம் போய் நிற்பாள். எங்கள் கொல்லையிலிருந்து மலை நேராகத் தெரியும். மலையைப் பார்த்து அவள் பேசுவாள். “யோவ், கொப்பரை கொப்பரையா உனக்கு நெய்ய ஊத்துறாங்களே, என் புள்ளைய ஒரு ராத்திரி பாத்துக்க உனக்குத் துப்பில்லையா? கண்ணு அவிஞ்சி பூடுச்சா?” என்று திட்டுவாள். பிறகு பேசாமல் நிற்பாள்.

எங்கள் ஊரில் மலையோடு பேசாதவர் யார்? மலைதானே இங்கே சாமி. காய்கறிக் கூடைக்காரி வியாபாரம் ஆகவில்லை என்றால் மலையைப் பார்த்துத்தான் ஏசுவாள். அப்பா வெளியூர் போனால் பஸ் ஏறுமுன் மலையைப் பார்த்து “போயிட்டு வரேம்பா” என்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: சப்ஜெக்ட் ஒவ்வொரு மாலையும் எதிரில் உள்ள மலையுடன் உரக்கப் பேசுகிறாள். அதன் மேல் குற்றம் சாட்டுகிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

இரண்டாவது பூ. தினமும் நாலு மணிக்கு அக்கா பூ வாங்கக் கிளம்புவாள். குழந்தை செத்து ஒரு வாரம் ஆகவில்லை, பூ! அதுவும் மல்லிகைதான் வேண்டும். பனிக்காலத்தில் மல்லி ஏது? சாமந்தி கொடுத்தால் வேண்டாம் என்பாள், தெருத் தெருவாய்த் தேடிக் கோயில் வாசல் வரைக்கும் போய் எப்படியோ இரண்டு முழம் வாங்கி வந்துவிடுவாள். உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது தலையில் பூ இருக்காது. மறுநாள் வாடிய பூவைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுவாள். எழுதினேன்: சப்ஜெக்ட் துக்க காலத்திலும் தினமும் பூ வாங்குகிறாள். அதைச் சூடுவதில்லை. மறைக்கிறாள்.

மூன்றாவதுதான் பெரிய பாவம். அக்கா மகள் அம்மா மேல் எப்போதும் தொற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளை. ஓடி வந்து மேலே விழுந்து கட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் அது வந்து விழுந்தால் அக்கா வெடுக்கென்று தள்ளிவிடுவாள். ஒருமுறை குழந்தை சுவரில் இடித்துக்கொண்டு அழுதது. அக்கா தூக்கவில்லை, தானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து எழுதினேன்: சப்ஜெக்ட் தன் ஐந்து வயது மகளை உடலால் விலக்குகிறாள். அணைப்பை ஏற்பதில்லை. மூன்று வாரத்தில் பதினொரு முறை.

எண்ணிக்கை போட்டால் கட்டுரைக்குக் கனம் கூடும் என்று தாளில் சொல்லியிருந்தது. எனக்கு அந்தப் பதினொன்றின் மேல் ஒரு பெருமை.

முதல் கையெழுத்துப் பிரதியில் வேறு வரிகளும் இருந்தன. அக்கா பாவம், பெற்ற வயிறு எரிகிறது, மாமா கடையை மூடியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக அடித்தேன். பாவம் என்பது உருக்கம். மாமா மேல் குற்றம் என்பது என் கருத்து. யார் சொன்னது, சான்று எங்கே என்று அந்தச் சிவப்பு மை கேட்குமே! அடித்து அடித்துக் கடைசியில் எல்லாம் வாக்குமூலம் மாதிரி சுத்தமாகிவிட்டது. தெரிந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து நானே டைப் அடித்தேன். ‘பெண், வயது இருபத்தாறு, அண்மையில் கைக்குழந்தையை இழந்தவர், தந்தையுடனும் தம்பியுடனும் வசிப்பவர்’ என்று தொடங்கியது. பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது அக்கா இல்லை என்று நான் மனதார நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

தை மாதக் கடைசியில் கட்டுரை திரும்பி வந்தது. பத்துக்கு எட்டு. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: நன்று, நடுநிலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. லாட்ஜ் கவுண்டரிலேயே வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினேன்.

அதற்குள் ஊரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாமா ஆள் விட்டார், குடித்தனத்துக்கு வா, இல்லையென்றால் மகளை என் வீட்டுக்கு அனுப்பு என்று. அக்கா இரண்டுக்கும் மாட்டேன் என்றாள். மாசி மாதம் அடி அண்ணாமலையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்று ஆனது. அப்பா பயப்படவில்லை. “அஞ்சு வயசுப் பொட்டப் புள்ளைய ஆத்தாகிட்டேர்ந்து எவன் பிரிப்பான்? அவனவனுக்கு வூட்ல பொண்டு புள்ள இருக்கு” என்றார். தெருவில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அக்காவும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தாள்.

மாமா ஒருநாள் லாட்ஜுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“இன்னா மச்சான், ஆபீசர் கணக்கா உக்காந்துகினு கீற!”

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. வேலை எப்படி, படிப்பு எப்படி என்று நைச்சியமாகக் கேட்டார். படிப்பு என்றதும் நான் திரும்பிவிட்டேன். அடச்சீ, நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. டிராயரைத் திறந்து கட்டுரையை எடுத்து நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வராது. சிவப்பு மையைத் தடவிப் பார்த்தார்.

“இதெல்லாம் நீயே எழுதுனியா?”

“ஆமா மாமா.”

“யாரப் பத்தி?”

“பொதுவா ஒரு பொம்பளையப் பத்தி. யாருன்னு போடக் கூடாது, அதான் ரூலு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்க ஊர் ஹைஸ்கூல் வாத்தியார்கிட்ட காட்டிட்டுத் தரேன் மச்சான். நம்ம வூட்டுப் பையன் இங்கிலீசு எழுதுறான்னு அவருக்கும் தெரியட்டும்.”

கொடுத்தேன். யாரும் பிடுங்கவில்லை, யாரும் திருடவில்லை. மடிப்பு விழாமல் எடுத்துப் போங்கள் மாமா என்று ஒரு பழுப்பு உறையும் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அடி அண்ணாமலைக்குப் போனோம். பெண்கள் அங்கே வந்து உட்காரும் வழக்கம் இல்லை. அக்கா மகளோடு வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். அப்பா எழுந்து, நடந்ததைச் சொன்னார், பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மாமாவைப் பார்த்து, “ஏன்யா, ஒரு நாள் கடைய மூடுனா குடி முழுகிப் பூடுமா?” என்றுகூடக் கேட்டார். மாமா பழுப்பு உறையை எடுத்து ஹைஸ்கூல் வாத்தியாரிடம் கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். நல்ல மொழிபெயர்ப்பு, குறை சொல்ல முடியாது. “இந்தப் பெண் தினமும் மலையிடம் பேசுகிறாள். பதில் வரும் என்று காத்திருக்கிறாள்.” உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் காலையில் எழுந்து மலையைப் பார்த்துப் பேசுகிறவர்கள்தான். ஆனால் வாத்தியார் வாயில், அந்த நடையில் கேட்டபோது அது அவர்களுக்குப் பைத்தியமாகத் தெரிந்தது. பூவைப் பற்றிச் சொன்னதும் பின்னாலிருந்து யாரோ “ச்சூ” என்றார்கள். குழந்தையைத் தள்ளுகிறாள், மூன்று வாரத்தில் பதினொரு முறை என்றதும் எல்லாரும் அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவதான் நான் புள்ளையக் கொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா. சித்தம் சரியில்லாதவ சொல்றது எப்படிங்க எடுபடும்?” என்று மாமா மெல்லச் சொன்னார்.

நடுவில் இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நீதானே எழுதுன?”

“ஆமாங்க.”

“உன் கண்ணால பாத்து எழுதுனியா, கேட்டு எழுதுனியா?”

“பாத்துதாங்க.”

“இதுல எதனா பொய் இருக்குதா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? ஒரு வரிகூடப் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். “பொய் இல்லீங்க, ஆனா...” என்றேன். ஆனா என்ன என்று அவர் கேட்டார். எனக்கு மேலே சொல்ல ஒன்றும் தெரியவில்லை. பூ எதற்கு என்று தெரியாது. ஏன் தள்ளினாள் என்று தெரியாது. மூன்று வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றுமே தெரியாது.

மகளைத் தகப்பன் வீட்டில் விட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அக்கா குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். பூ என்றதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“பால்டா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“குடிக்கப் புள்ள இல்லடா. பால் கட்டிக்கினு கல்லு மாதிரி ஆயிடுச்சு. உசுரு போற வலி. மல்லிப்பூவ மார்ல வெச்சிக் கட்டுனா பால் வத்தும்னு எதிர்வூட்டு ஆயாம்மா சொன்னாங்க, ஆஸ்பத்திரில வேல செய்யறவங்க. அது வந்து மேல வுழுந்தா வலி பொறுக்காம தள்ளினேன். உன்கிட்ட எப்படிடா சொல்லுவேன், நீ ஆம்பளப் புள்ள. ஆனா நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த எட்டுப் பக்கத் தாளின் மேல் நான் பழி போட மாட்டேன். நியாயமாகப் பேச வேண்டுமே. அதன் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது: உங்களுக்கு எது தெரியவில்லை, எந்த நடத்தைக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதை முடிவில் எழுதுக. அதை நான் படித்தேன். பாதிப் பக்கம் வரும் என்று தோன்றியது. நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று விட்டுவிட்டேன். தெரியாது என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பயமும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். கூச்சம் எல்லாம் பார்க்கவில்லை, பால் கட்டியது, பூ வைத்துக் கட்டியது எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர்.

“நேத்து பொய் இல்லன்னு சொன்ன. இன்னிக்கி வேற சொல்ற. அக்கா அழுதிருப்பா, உனக்கு மனசு கேக்கல. எனக்கும் தங்கச்சிங்க இருக்காங்க தம்பி, தெரியும். ஆனா அது இங்கிலீசுல டைப் அடிச்சது. மேல படிச்சவங்க சரின்னு சிவப்புல எழுதியிருக்காங்க. நீ இப்போ வாயால சொல்றத நான் எதுல சேக்கறது?”

எதிர்வீட்டு ஆயாம்மாவைக் கூட்டி வருகிறேன் என்றேன். “பொம்பளைங்க பொம்பளைக்குத்தானே சொல்லுவாங்க” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். சான்று எங்கே, யார் சொன்னது என்று என்னைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர் ஆனார்.

அன்று சாயந்திரம் மாமாவும் அவர் அம்மாவும் வந்தார்கள். அக்காவுக்கு அப்போது வலி கிலி எதுவும் இல்லை. பால் எப்போதோ வற்றியிருந்தது. அக்கா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிரித்து எடுத்தார்கள். குழந்தை என் சட்டையைப் பிடித்தது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார் மாமாவின் அம்மா. நான் நின்றுகொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு நான் படிப்பை விட்டுவிட்டேன் என்று எழுதினால் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள். விடவில்லை. மூன்றாவது கட்டுரை எழுதினேன், நாலாவது எழுதினேன். நல்ல மதிப்பெண்தான். பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு பிறகு ஒரு ஆபீஸ் வேலைக்கும் போனேன். மாமா ஆவணியில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். குணமானால் பார்க்கலாம் என்றவர்கள் யாரும் பிறகு வந்து பார்க்கவில்லை. குழந்தையைப் பார்க்க அக்கா இரண்டு முறை போனாள், வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருப்பதாக அக்காவுக்குத் தெரிந்தது. டீச்சர் பேருக்கு ஒரு கடிதம் போட்டால் குழந்தைக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அக்கா மூன்றாவது வரைதான் படித்தவள், கையெழுத்து மட்டும் போடுவாள். இன்லண்டு லெட்டர் ஒன்று வாங்கி வந்து வைத்திருந்தாள். நான் லாட்ஜிலிருந்து வந்ததும் அதைப் பார்த்தேன். இதையாவது செய்யலாம் என்று எனக்கு ஓர் ஆசை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சொல்லுக்கா, நான் எழுதறேன்.”

அக்கா இன்லண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போஸ்ட் ஆபீஸ் வாசலில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள் என்று செருப்பை மாட்டினாள். படி இறங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

“வேணாம்டா” என்றாள். “நீ எழுதுனா எல்லாரும் நம்பிடுறாங்க.”